சிப்பு போட்டாச்சு மேடம்!

நாய்க்கு மைக்ரோசிப் போட யாருக்குத் தகுதி இருக்கிறது என்று சென்னையில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், நாலு பதில் வரும். "டாக்டர்தான் போடணும்" என்பார் ஒருவர். "குட்டி கொடுக்கிறவங்களே போட்டுத்தான் கொடுப்பாங்க" என்பார் அடுத்தவர். நாய்க்கு முடி வெட்டி நகம் நறுக்கும் கடையில் கேட்டால், "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, ஒரு அண்ணன் வருவாரு" என்பார்கள். அந்த அண்ணன் யார், என்ன படித்தார், எங்கே பழகினார் என்று கேட்டுவிட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாலாவது ஆள் எல்லாரையும்விட விவரமானவர். ஊசியும் சிப்பும் சேர்ந்த பொட்டலத்தை ஆன்லைனில் வாங்கிவிடலாம், யூட்யூபைப் பார்த்து நாமே குத்திவிடலாம் என்று யோசனை சொல்வார்.

நமக்கு ரத்தம் எடுக்கிறவர்கூட ஒரு டிப்ளமா வைத்திருக்கிறார். வாயில்லா ஜீவன் என்றால் மட்டும் கையில் ஊசி இருப்பதே தகுதியாகிவிடுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் இது வசதியான வீடுகளின் கவலை. நாயை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள், கென்னல் கிளப்பில் பதிவு செய்து கண்காட்சிக்கு நிறுத்துகிறவர்கள், இவர்களோடு முடிந்துவிடும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அதற்குப் பிறகு மாநகராட்சி கெடுபிடியில் இறங்கியது. வீட்டு நாய்க்கு உரிமம் வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும், சிப் வேண்டும், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். நவம்பரில் முடிய வேண்டிய கெடு, டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் நீண்டது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் வரிசை வாசலைத் தாண்டி நின்றதைப் பத்திரிகைகளிலேயே பார்த்திருப்பீர்கள்.

விதியை நான் குறை சொல்லவில்லை. நாய் வளர்க்கிறவர்தான் அதற்குப் பொறுப்பு என்று யாராவது ஒரு நாள் எழுதித்தான் வைக்க வேண்டும். வயசானதும் காரில் ஏற்றிக்கொண்டு போய் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறவர்களுக்காகவாவது சிப் வேண்டும். ஆனால் கெடு நெருங்க நெருங்க ஊசி பிடிக்கும் கைகளும் ஊரில் பெருகிவிட்டன. என் ஆதங்கம் அந்தக் கைகளைப் பற்றியது.

முதலில் அந்தச் சிப் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் தன் பக் நாய்க்குச் சிப் போட்டுவிட்டு வந்து, அது இப்போது எந்தத் தெருவில் போகிறது என்று பார்க்க மொபைலில் ஆப் தேடிக்கொண்டிருந்தார். போட்டவர் அப்படித்தான் சொல்லி அனுப்பினாராம். அது 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு செப்புச் சுருள், ஒரு சின்ன மின்சுற்று, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ரீடரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதிலிருந்து வரும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒரு நொடி விழித்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். மறுபடி தூங்கிவிடும். நாய் தொலைந்தால் அதை யாராவது பிடித்து, ரீடர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், வரும் எண்ணை ஒரு பதிவேட்டில் தேடி, அந்தப் பதிவேட்டில் நம் போன் நம்பர் சரியாக இருந்தால்தான் நமக்கு அழைப்பு வரும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி ஊசி போடுகிற ஆள். அந்தக் கண்ணியே சொத்தையானால் மற்றதெல்லாம் வீண்.

என் அண்ணன் மகன் கதையைச் சொல்கிறேன். அவன் ஒரு லாப்ரடார் வளர்த்தான், பெயர் மிளகு. ஊருக்கு வெளியே நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் வாங்கியது. குட்டியைக் கையில் கொடுக்கும்போதே, "சிப்பு போட்டாச்சு சார், ஒரு வேலை மிச்சம்" என்று தடுப்பூசிப் புத்தகத்தையும் நீட்டியிருக்கிறார். அதில் பார்கோடு ஸ்டிக்கர், கீழே பதினைந்து இலக்கம். அச்சு சுத்தமாக இருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்தபின் யாருக்குச் சந்தேகம் வரும்?

ரெண்டு வருஷம் கழித்து அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. மிளகையும் கூட்டிப்போவதென்று முடிவு. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயைக் கொண்டுபோவது லேசான காரியமில்லை. முதலில் சிப். அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி செல்லாது. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோயெதிர்ப்பு அளவு மில்லி ஒன்றுக்கு 0.5 பன்னாட்டு அலகாவது இருக்க வேண்டும். அதுவும் சரியாக வந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காகிதத்திலும் சிப் எண் இருக்கும். எண் மாறினால் காகிதம் குப்பை.

அவனும் பொறுமையாக எல்லாம் செய்தான். ரத்தம் எடுத்த கிளினிக்கில் ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார்களே தவிர, ரீடரை எடுத்து நாயின் மேல் வைக்கவில்லை. மூன்று மாதம் முடிந்து, பயணத்துக்கு முந்தைய உடல்தகுதிச் சான்றுக்காக வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் ரீடர் வெளியே வந்தது. அவர் கழுத்துக்குப் பின்னால் வைத்தார். சத்தமில்லை. கழுத்துப்பட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு தோள்களின் மேலும் மெதுவாக வளைத்து வளைத்து ஓட்டினார், முன்னங்கால் முட்டி வரை இறக்கினார். சிப் சில சமயம் தோலுக்கடியில் நகர்ந்து அங்கெல்லாம் போய் உட்காருமாம். மிளகு வாலை ஆட்டிக்கொண்டு நின்றதே தவிர எண் எதுவும் வரவில்லை. "இந்த நாய்க்குச் சிப்பே இல்லையே சார்" என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவன் போனில் பேசிய குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அத்தை, எல்லாப் பேப்பரும் இருக்கு, நாயும் இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைங்கறாங்க."

மறுபடி சிப், மறுபடி தடுப்பூசி, மறுபடி 30 நாள், மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். வேலைக்குச் சேரும் தேதி அதுவரை காத்திருக்குமா? அவன் கிளம்பிவிட்டான். மிளகு என் அண்ணன் வீட்டு வாசலில் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடியது.

குட்டி விற்றவருக்கு நானே போன் போட்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "மேடம், நாங்க எத்தனையோ வருஷமா போடுறோம். காது குத்துற மாதிரிதான், ஒரு செகண்ட் வேலை" என்றார். காது குத்தினால் தோடு வெளியே தெரியுமே ஐயா! கழன்று விழுந்தால் அன்று சாயங்காலமே பாட்டி கண்டுபிடித்துவிடுவாள். தோலுக்கடியில் போகிற பொருள் உள்ளே இருக்கிறதா என்று யார் பார்ப்பது? "குத்தினப்புறம் ரீடர் வச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "ரீடர்லாம் டாக்டர்கிட்டதான் மேடம் இருக்கும்" என்றார். ஊசி இவரிடம், ரீடர் அவரிடம்.

என்ன நடந்திருக்கும் என்று அந்த டாக்டர் விளக்கினார். சிப் போகும் ஊசி சாதாரண ஊசி இல்லை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மூன்று மடங்கு வரைகூடப் பருமனாக இருக்கும். குட்டி துள்ளும்போது, தூக்கிப் பிடித்த தோலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டால், சிப் ரோமத்துக்குள் விழுந்து தரையில் உருண்டு போயிருக்கும். அல்லது பிஸ்டனை முழுக்க அழுத்துவதற்குள் ஊசியை உருவியிருப்பார்கள், வந்த ஓட்டை வழியே அதுவும் வெளியே வந்திருக்கும். இந்த இரண்டும் நடக்கக்கூடியவைதான், டாக்டர் கையிலும் நடக்கலாம். ஆனால் போட்டவுடன் ரீடரை வைத்துப் பார்க்கிறவருக்கு அது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ரீடரை வைத்து, ஸ்டிக்கரில் உள்ள எண்தான் சிப்பிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நாயின் மேல் ரீடரை ஓட்டி, ஏற்கெனவே வேறு சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருட்டு நாயாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி ஊசி. மறுபடி ரீடர். எண்ணைப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட வேண்டும். உரிமையாளரின் போன் நம்பரோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதில் கைப்பழக்கம் கொஞ்சம்தான் வேண்டும், ஒழுங்குதான் நிறைய வேண்டும். நம் ஊரில் கைப்பழக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. எத்தனையோ வருஷமாகப் போடுகிறேன் என்று மார்தட்டிய அந்த மனிதரிடம் இல்லாதது அந்த ஒழுங்குதான்.

விபத்தும் இல்லாமல் இல்லை. பூனைக்குட்டி, சிவாவா மாதிரியான குட்டி உடம்புகளில் ஊசி ஆழமாக இறங்கி, சிப் முதுகுத்தண்டின் கால்வாய்க்குள் போய்க் கால்கள் செயலிழந்த சம்பவங்கள் கால்நடை மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். அப்படி ஆனால் அடுத்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அப்போது பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம், 30ஆவது பிரிவு: பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்கலாம். அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. உரிய டிப்ளமாவோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்களை, மருத்துவரின் மேற்பார்வையில் 'சிறு சேவைகள்' செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை அந்தச் சிறு சேவைகளுக்கு எடுத்துக்காட்டுகள். காயடித்தல் சிறு சேவையாம். காளையைக் கேட்டால் தெரியும். அது இருக்கட்டும். சிப் போடுவதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை, அது எழுதப்பட்ட காலத்தில் நம் ஊரில் யார் நாய்க்குச் சிப் போட்டார்கள்? அதனால் ஒருவர், "இது சிகிச்சையே இல்லை, வெறும் அடையாளம்தான்" என்கிறார். இன்னொருவர், "தோலைத் துளைத்தாலே மருத்துவம்" என்கிறார். இருவரும் வாதம் பண்ணிக்கொண்டிருக்கிற இடைவெளியில் மூன்றாவது ஆள் ஊசியை எடுத்துக் குத்திவிட்டுப் போகிறார்.

மாட்டுக்குக் காதில் 12 இலக்கத் தோடு மாட்டுகிறார்களே, அதை டாக்டரா மாட்டுகிறார் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தோடு மஞ்சளாகப் பளிச்சென்று தெரிகிறது. அறுந்து விழுந்தால் மாட்டுக்காரருக்கே தெரியும், எண்ணை யாரும் படிக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற வேலையை யார் செய்தாலும் ஊரே சரிபார்க்கும். சிப்பில் வரும் பிழை, மிளகு மாதிரி, தேவைப்படுகிற அன்றைக்குத்தான் வெளியே தெரியும். அதனால்தான் செய்கிறவரை முதலிலேயே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர்கள் மட்டுமே போட வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். சென்னையில் மட்டும் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம் என்று 2024 கணக்கெடுப்பு சொன்னது. அவற்றுக்கும் சிப் போடும் வேலை தொடங்கியிருக்கிறது. வீட்டு நாய்கள் தனி. இத்தனைக்கும் பட்டம் வாங்கிய கையே வேண்டுமென்றால், கருப்பை அடைத்துத் துடிக்கிற நாய்க்கு ஆபரேஷன் செய்ய யார் இருப்பார்கள்? பயிற்சி பெற்ற உதவியாளர் போடட்டும், அதே கட்டடத்தில் டாக்டர் இருக்கட்டும், புத்தகத்தில் அவர் பதிவு எண் ஏறட்டும். டாக்டர்களிலும் சிலருக்கு ஒரு வார்த்தை: சிப் போடக் கட்டணம் வாங்குகிறீர்கள், சரி. போட்ட பிறகு ரீடரை எங்கள் கண் முன்னால் வைத்து எண்ணைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? "அதெல்லாம் சரியா இருக்கும்மா" என்று ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்?

ஆனால் ஒருவர் மட்டும் போடவே கூடாது. குட்டியை விற்கிறவர். அவர் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் சரி. காரணம் ஊசி இல்லை, காசு. இந்தக் குட்டிதான் அந்தக் காகிதத்தில் உள்ள குட்டி என்று உறுதி சொல்வது சிப். அதை லாபம் பார்க்கிறவரே போட்டால், சரக்கும் அவருடையது, முத்திரையும் அவருடையது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. சிப் போடுவதற்காக ஒரு டாக்டர் முன் குட்டி வந்து நின்றால், அவர் வாயைத் திறந்து பால்பற்களைப் பார்ப்பார். எட்டு வாரம் என்கிறாரே, பற்கள் இப்போதுதானே முளைக்கின்றன என்று கேட்பார். தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா, நெஞ்சில் முணுமுணுப்பு கேட்கிறதா என்று பார்ப்பார். விற்கிறவரே போட்டுக்கொண்டால் இந்த ஒரே சோதனையும் நடக்காமல் போய்விடுகிறது. "ஒரு வேலை மிச்சம்" என்று அவர் சொன்னாரே, அது யாருக்கு மிச்சம்?

வெளிநாடு என்றால் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லும் ஆள் நான் இல்லை. இருந்தாலும் இங்கிலாந்தைப் பாருங்கள். 2016 ஏப்ரல் 6 முதல் அங்கே எல்லா நாய்க்கும் சிப் கட்டாயம், 2024 ஜூனில் பூனைக்கும் வந்துவிட்டது. யார் போடலாம் என்பதை 2015 விதிகளிலேயே எழுதிவிட்டார்கள். கால்நடை மருத்துவர், கால்நடைச் செவிலியர், அவர்கள் மேற்பார்வையில் படிக்கிற மாணவர், அரசு அங்கீகரித்த பயிற்சியில் தேறியவர். பயிற்சியில் தேறினால் டாக்டர் அல்லாதவரும் போடலாம், தேறாதவர் போட்டால் குற்றம். சிப் நகர்ந்தாலோ, வேலை செய்யாமல் போனாலோ, நாய்க்குத் தீங்கு வந்தாலோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஐரோப்பிய ஒன்றியமும், டாக்டர் அல்லாதவரை அனுமதிக்கிற நாடு குறைந்தபட்சத் தகுதியை எழுதிவைக்க வேண்டும் என்கிறது. நம்மிடம் தெரிவிக்கவும் இடமில்லை. மிளகின் சிப் தரையில் உருண்டதை நான் எந்த ஜன்னலில் போய் எழுதிக் கொடுப்பது?

அங்கேயும் ஓட்டை இருக்கிறது. இங்கிலாந்தில் பதிவேடுகளே இருபதுக்கு மேல், எந்த எண் எதில் என்று தேட வேண்டும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 53 விலங்குக் காப்பகங்களில், சிப் உள்ள 7,704 விலங்குகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். வழிதவறி வந்த நாய்களில் பொதுவாக நூற்றுக்கு 22தான் வீடு திரும்பின, சிப் இருந்தவற்றில் 52. பூனைகளில் இரண்டுகூட இல்லாதது 38 ஆனது. சரி, சிப் இருந்தும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஏன் என்று பார்த்தால், பெரிய காரணம் போன் நம்பர் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்ததுதான். சில சிப்கள் எங்குமே பதிவாகவில்லை.

இங்கே நாடு முழுமைக்கும் செல்லப்பிராணிகளுக்கென்று ஒரே பதிவேடு கிடையாது. மாநகராட்சி பட்டியல் ஒன்று, சிப் கம்பெனியின் இணையதளம் ஒன்று, கென்னல் கிளப் பதிவு ஒன்று. தாம்பரத்தில் தொலைந்த நாய் செங்கல்பட்டில் அகப்பட்டால் எந்தப் பட்டியலைத் திறப்பார்கள்? விற்கிறவர் போடும் சிப்பில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. பதிவு செய்வதும் அவர்தான், போன் நம்பர் கேட்கும் கட்டத்தில் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். நாய் தொலைந்து நாலு வருஷம் கழித்து அகப்பட்டால் அழைப்பு அவருக்குத்தான் போகும்.

மாநில அரசுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 30ஆவது பிரிவின் அந்த விலக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. சிப் போடுவது சிறு சேவை என்று ஓர் அறிவிக்கை வெளியிடுங்கள். யார் போடலாம், எத்தனை நாள் பயிற்சி, போடுமுன்னும் போட்டபின்னும் ரீடர் வைத்தாக வேண்டும், விற்பவர் தொடவே கூடாது, தவறினால் யாரிடம் புகார் சொல்வது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். சிப் இல்லாத நாய்க்கு ஐயாயிரம் அபராதம் போடுகிற ஊரில், சிப் போட்டேன் என்று பொய் சொன்னவருக்கு என்ன அபராதம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாய் வைத்திருக்கிறவர்களே, அந்த அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்று இருந்துவிடாமல், இந்த வாரமே ரீடர் உள்ள ஒரு கிளினிக்குக்கு நாயைக் கூட்டிப்போய், எண் வருகிறதா, அது ஸ்டிக்கரில் உள்ள எண்தானா, பதிவேட்டில் இருப்பது உங்கள் போன் நம்பர்தானா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.